இருளப்பன் ‘ஐயோ’ சொல்லாத ஞாயிறு

இருளப்பனுக்கு விரலில் முள் குத்தினால் லைன் வீடுகள் பன்னிரண்டுக்கும் தெரிந்துவிடும். குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை ஃபேக்டரியில், பச்சை இலையை வாடப்போடும் மாடியில் அவருக்கு வேலை. தலைவலி வந்தால் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று விசாரித்துவிட்டுத்தான் நகர வேண்டும். ஒருமுறை காபி நாக்கைச் சுட்டதற்கு அரை நாள் லீவு போட்டார். முப்பத்தோரு வருஷமாக இதைக் கேட்டுப் பழகிய செல்லக்கண்ணுவுக்கு, புருஷன் ‘ஐயோ’ என்று இழுக்கும் நீளத்தை வைத்தே சுக்குக் காபியா, தைலமா, வெறும் ஆறுதலா என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் ஆறுதல்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. குழாயடிக்குக் குடத்தோடு போன இருளப்பன் வெறுங்கையோடு திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

“ஏனுங்க, கொடம் எங்கீங்க?”

“படியில பாசி. வழுக்கிருச்சு புள்ள. ஒண்ணுமில்ல.”

செல்லக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது. இந்த மனுஷன் வாயிலிருந்து ‘ஒண்ணுமில்ல’ என்ற சொல்லை அவள் கேட்டதே இல்லை. காபியை நீட்டினாள். அவர் இடது கையால் வாங்கி, குடிக்காமலே கீழே வைத்தார். அந்தக் குளிரிலும் நெற்றியில் வேர்வை. வலது கையைக் குழந்தையை ஏந்துவதுபோல வயிற்றோடு அணைத்திருந்தார்.

“அந்தக் கையக் காட்டுங்க.”

“புதன்கெழமை நம்ம பொண்ணு உஷா வளைகாப்புக்குப் போகணும். துணி எடுத்து வை, போ.”

காட்டவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மணிக்கட்டு வீங்கி, கரண்டிக் காம்பு வளைந்த மாதிரி மேல்நோக்கி எழும்பியிருந்தது. இடது கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே ஆளின் கைபோல இல்லை. மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஓரிடத்தில் அவள் விரல் பட்டதுதான் தாமதம், அவர் கண்ணை மூடிப் பல்லைக் கடித்தார். அப்போதும் சத்தமில்லை.

“விழறப்போ ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சுங்களா?”

“சுள்ளி ஒடியற மாதிரி…” என்றார் மெதுவாக.

அதற்குள் பக்கத்து வீட்டு ஹெர்பர்ட் வந்து எட்டிப் பார்த்தார். ஆட்டோ ஓட்டுகிறவர். “வெரலை அசைங்க பாக்கலாம். ஆங், அசையுதே! அப்புறம் எப்படி ஒடிஞ்சிருக்கும்? சுளுக்குத்தான். வெளக்கெண்ணெய் போட்டு நல்லா நீவி விடுங்க அக்கா.”

“நீவவே கூடாதுங்க. நம்ம லைன் மாரிச்சாமி ஒடிஞ்ச கால நீவித்தான நாலு மாசம் படுக்கையில கெடந்தாரு? நீங்க ஆட்டோவ எடுங்க.”

வீக்கம் இன்னும் ஏறுமுன் சோப்பு நுரை தடவி விரலில் இருந்த வெள்ளி மோதிரத்தைக் கழற்றினாள். அட்டைப்பெட்டியைக் கிழித்து, கை கிடந்த கிடையிலேயே கீழே தாங்கல் கொடுத்து, துண்டால் தளர்வாகச் சுற்றினாள். வளைந்ததை நிமிர்த்த முயலவில்லை. பழைய புடவையில் தூளி கட்டிக் கழுத்தில் மாட்டினாள். விரல் நுனிகளைத் தொட்டுத் தொட்டு, மரத்துப் போகுதா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு குழிக்கும் ஹெர்பர்ட் தன் கையே ஒடிந்ததுபோல முகம் சுளித்தார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்த டாக்டர் அனுராதா, “ஒடிஞ்சு எலும்பு விலகியிருக்குங்க. வெரல் அசைஞ்சாலும் ஒடிஞ்சிருக்கலாம். நீவாம, அசைக்காம கூட்டிட்டு வந்தது ரொம்ப நல்லது” என்றார். ஹெர்பர்ட் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரை மும்முரமாகப் படிக்கத் தொடங்கினார்.

ஊசி போட்டு எலும்பைச் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் செல்லக்கண்ணு கேட்டாள். “முள்ளு குத்துனா ஊரைக் கூட்டுவீங்க. இதுக்கு எதுக்குங்க வாயே தொறக்கல?”

இருளப்பன் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “சொன்னா நீ வளைகாப்புக்குப் போகாம ஊட்லயே ஒக்காந்திருவ. ரெண்டு மாசமா அந்தப் புள்ளைக்கு எள்ளுருண்டை, முறுக்குன்னு பேசிட்டே இருந்த.”

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. திட்ட வாயெடுத்தவள், அவர் சட்டைப் பொத்தான் ஒன்று திறந்திருந்ததைப் பார்த்து அதைப் போட்டுவிட்டாள். “ஒடிஞ்ச கையோட என்னைய பஸ் ஏத்தி விட்டிருப்பீங்களாக்கும்” என்று மட்டும் சொன்னாள்.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, புதன்கிழமை இருவருமாகக் கூடலூர் பஸ் ஏறினார்கள். அதை அடுத்த ஸ்ரீமதுரை கிராமத்தில், வளைகாப்புப் பந்தியில் சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னால், செல்லக்கண்ணு சோற்றைப் பிசைந்து ஒவ்வொரு வாயாக ஊட்டினாள். அவளுக்குத்தான் கூச்சம். இருளப்பன் நிதானமாகச் சாப்பிட்டார். ரசம் வந்தபோது, கொஞ்சம் குழைவாகப் பிசையச் சொன்னார்.