அண்ணன் காரில் போட்ட படுக்கை

எங்கள் அண்ணன் காலமாகி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவருடைய கோயில் தொண்டைப் பற்றி நிறைய எழுதலாம், அந்தக் காரைப் பற்றி ஒரு வரியும் எழுதக்கூடாது என்று பெரியப்பா ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார். கோயில் தொண்டைப் பெரியப்பாவே எழுதட்டும். உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். நான் காரைப் பற்றி எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது பினாங்கில், துறைமுகத்தை ஒட்டிய தெருவில், ஒரு கடைவீட்டு மாடியில். தாயும் தந்தையும் அடுத்தடுத்துப் போனபோது அவருக்கு மீசைகூட அரும்பவில்லை. கிடங்கில் மூட்டை எண்ணும் வேலையில் சேர்ந்து, கணக்கெழுதும் கிராணியாக உயர்ந்து, என்னையும் படிக்க வைத்தார். தமக்கென்று அவர் ஆசைப்பட்டு வாங்கியது ஒன்றே ஒன்றுதான். சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத் துரை விட்டுப்போன பழைய கார் அது. அதில் ஏறாத உறவினர் யார்? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகவும், பெண் பார்க்கப் போகவும், கப்பலில் வந்தவரை அழைத்து வரவும் அண்ணனைத்தான் கூப்பிட்டீர்கள். அப்போது அந்தக் கார் குடும்பத்துக்கே பெருமையாக இருந்தது.

பிறகு எனக்கு நெஞ்சுநோய் கண்டது. இருமலில் ரத்தம் வந்தது. இந்த மாடியறையில் கிடந்தால் தேறமாட்டாள், சில மாதங்கள் நல்ல காற்றில் படுக்க வையுங்கள் என்றார் டாக்டர். நம்மவர்கள் வெளியூர் போனால் உறவினர் வீட்டில்தானே தங்குவோம்? அண்ணன் என்னைக் காரில் உட்கார வைத்து, ஃபெர்ரியில் அக்கரைக்குக் கொண்டுபோய், மூன்று வீடுகளில் இடம் கேட்டார். இரண்டு வீட்டில் சாக்குச் சொன்னார்கள். மூன்றாவது வீட்டில் எங்களை வாசலிலேயே நிறுத்தி, அண்ணனுக்குக் கோப்பையிலும் எனக்குத் தேங்காய்ச் சிரட்டையிலும் காப்பி கொடுத்தார்கள். சிரட்டை என்றால் குடித்ததும் தூக்கி எறிந்துவிடலாம் அல்லவா?

"வயசுப் பொண்ணு இருக்கிற வீடு தம்பி. தப்பா எடுத்துக்காதேலா," என்றார் அந்த வீட்டு அம்மாள்.

"எனக்கும் சிரட்டையிலயே ஊத்துங்க," என்றார் அண்ணன். ஊற்றியதைக் குடித்துவிட்டுக் காரைத் திருப்பினார்.

மறுநாளே பின் சீட்டைக் கழற்றினார். கீழ்க்கடைச் சீனத் தச்சர், ஓட்டுபவருக்குப் பக்கத்துச் சீட்டின் சாய்மானத்தை அறுத்து, கீல் வைத்து மடக்கும்படி செய்து கொடுத்தார். அதன் மேல் பழைய தேயிலைப் பெட்டிகளின் பலகையை நீளமாகப் பொருத்தி, இலவம்பஞ்சு மெத்தை போட்டார்கள். இரு பக்கமும் சுருட்டிக் கட்டும் கித்தான் திரை. ஏறும் படிப்பலகையில் ஒரு பெட்டி, அதற்குள் மண்ணெண்ணெய் அடுப்பும் இரண்டு சட்டியும். அவ்வளவுதான் எங்கள் வீடு.

செய்தி கேட்டுப் பெரியப்பா அன்றே வந்துவிட்டார். "நாடோடிங்க மாதிரி ரோட்டுல படுத்தா நம்ம பிள்ளைங்களுக்கு யாருடா பொண்ணு குடுப்பா? மொதல்ல சீட்ட மாட்டு."

"உங்க வீட்டுல ஒரு ரூம் குடுங்க பெரியப்பா. இப்பவே மாட்டிடறேன்."

பெரியப்பா குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அதன் பிறகு எட்டு மாதம் உறவினர் எவரும் எட்டிப் பார்க்கவில்லை.

பத்து பெரிங்கிக் கடற்கரையில் ஒரு மலாய் மீனவரின் தென்னந்தோப்பில் காரை நிறுத்திக்கொண்டோம். அண்ணன் அங்கிருந்து சைக்கிளில் கிடங்கு வேலைக்குப் போய் வந்தார். பகலெல்லாம் மீனவரின் மனைவி எனக்குத் துணை. சின்னம்மா என்பதுபோல மலாயில் மக்சிக் என்று அழைப்பேன். கஞ்சி காய்ச்சித் தருவார். நான் சாப்பிட்ட தட்டைத் தம் கையாலேயே கழுவி வைப்பார். எனக்கு உடம்பு தேறியது. இருமல் நின்றது.

மக்சிக் வீட்டுக் கூடத்தில் தமக்குப் படுக்க இடம் கொடுத்திருப்பதாக அண்ணன் என்னிடம் சொல்லியிருந்தார். பொய். ஆண் கடலுக்குப் போயிருக்கும் வீட்டில் படுப்பது முறையல்ல என்று அவர் இடமே கேட்கவில்லை. காருக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்துவிட்டு, நான் விழிக்கும் முன்பே எழுந்து சுருட்டி வைத்துவிடுவாராம். என்னிடம் சொல்லக்கூடாது என்று மக்சிக்கிடம் சத்தியமும் வாங்கியிருந்தார். மழையிலும் கொசுவிலும் கிடந்த உடம்பை மலேரியா முறித்துப் போட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் போய்விட்டார். மக்சிக் அதன் பிறகுதான் எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார்.

சாவுக்கு எல்லோரும் வந்தீர்கள். தங்கையின் நோய் தொற்றித்தான் செத்தான் என்று எங்கள் மாடிப்படியில் நின்றே பேசினீர்கள். ஒரு வீட்டுத் தாழ்வாரம் கிடைத்திருந்தால் அண்ணன் இன்றைக்கு இருந்திருப்பார். இதை யாருக்காகவும் மாற்றி எழுதமாட்டேன். அண்ணன் மேலும் எனக்குக் கோபம்தான். அந்தப் பலகை ஒருவர் படுக்கத்தான் போதும் என்று தெரிந்தும், நீங்கள் எங்கே படுப்பீர்கள் அண்ணே என்று முதல் நாளே சண்டை போடாத என் மேலும் கோபம்தான்.

சீனத் தச்சருக்கும், மக்சிக்குக்கும், டாக்டருக்கும், அண்ணனைத் தோளில் சுமந்த கிடங்குத் தொழிலாளர்களுக்கும் என் நன்றி. வேறு யாருக்கும் நன்றி சொல்வதற்கில்லை.

சென்ற வாரம், எனக்குச் சிரட்டையில் காப்பி கொடுத்த அந்த மூன்றாவது வீட்டுக்காரர் என்னைத் தேடி வந்தார். மகள் இருமலில் ரத்தம் துப்புகிறாளாம். அண்ணன் போட்ட படுக்கை காரில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அது யார் வீடு என்று நான் எழுதாமல் விட்டது அந்தப் பெண்ணுக்காகத்தான். அண்ணனாக இருந்தால் அவர் வாய் திறக்கும் முன்பே சாவியை நீட்டியிருப்பார். நான் அவ்வளவு நல்லவள் இல்லை. அவரைப் படியிலேயே நிறுத்தி, என் அண்ணன் எதனால் செத்தார் என்று கேட்டேன்.

"மலேரியாதாம்மா," என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க," என்றேன்.

மேலும் கீழும் குடியிருப்பவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார். அதன் பிறகு சாவியைக் கொடுத்தேன். துணைக்குப் படுப்பவருக்கும் ஒரு கொசுவலை வாங்கச் சொன்னேன்.