பத்து எண்ணும் வரை

பஞ்சர் ஒட்டும் "சொலூஷன்" வாடை எங்கே அடித்தாலும் நான் இன்றைக்கும் அங்கிருந்து நகர்ந்துவிடுகிறேன். காரைக்குடியில் சந்தைக்குப் போகிற வழியில் என் அத்தா வைத்திருந்த வாடகை சைக்கிள் கடையில், காலையில் பலகைக் கதவை எடுத்ததும் அந்த வாடைதான் முதலில் வெளியே வரும். அதோடு ஈரத் தோல் வாடையும் கலந்திருக்கும், ஏனென்றால் ஊரிலிருந்த ஒரே கால்பந்துக் குழுவின் பந்துகளும் வைத்தியத்துக்கு எங்கள் கடைக்குத்தான் வரும். அத்தா லேஸைப் பிரித்து உள்ளேயிருக்கும் ரப்பர் "பிளாடரை" உருவித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி கிளம்புகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, கண்டுபிடித்துவிட்டேன் என்பதுபோல என்னைப் பார்ப்பார்.

அறுபதுகளின் கடைசி அது. எனக்குப் பத்து வயது. காதர் மைதீன் என்ற அத்தாவின் முழுப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. அந்தக் கால்பந்துக் குழுவில் கோல் காத்தவர் என்பதால் ஊருக்கு அவர் "கோலி காதர்". பினாங்கில் கடைகளில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய நாலைந்து பேர் அங்கே கற்றுக்கொண்ட ஆட்டத்தை இங்கே கொண்டுவந்து ஆரம்பித்த குழு என்பதால் அதை எல்லோரும் "பினாங்கு டீம்" என்றார்கள். மஞ்சுவிரட்டுக்கு மட்டுமே கூடுகிற ஊர், இவர்கள் ஆடினாலும் கூடியதாம். "கூடியதாம்" என்றுதான் நான் சொல்ல முடியும், அந்தப் பெரிய ஆட்டங்களெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டிருந்தன.

அவற்றை எனக்குக் காட்டியவர்கள் கடை பெஞ்சில் சாயங்காலம் வந்து உட்காரும் இரண்டு ரசிகர்கள். ஒருவர் கருப்பையா ஆசாரி, செட்டியார் வீடுகளில் நிலையும் கதவும் பழுது பார்க்கிற தச்சர். இன்னொருவர் தபால்காரர் சந்தனம். இவர்கள் வாயைத் திறந்தால் அன்றைய ஆட்டக்காரர்கள் வரிசையாக இறங்கி வருவார்கள்: பூட்ஸ் போடாமல் வெறுங்காலில் ஆடி பூட்ஸ்காரர்களை அலற வைத்த பள்ளத்தூர் ராமையா, தலையால் முட்டினால் பந்தின் லேஸ் அறுந்துபோகும் என்று பெயரெடுத்த நாச்சியாபுரத்துச் சின்னையா, இப்படி. அதில் ஒரு விஷயத்தை நான் வெகுநாள் கழித்தே கவனித்தேன். ராமையா பாம்பு கடித்துச் செத்தவர். சின்னையா ரங்கூனுக்குப் போய்த் திரும்பாதவர். அந்தக் கதைகளில் உயிரோடு இருந்தவர் என் அத்தா ஒருவர்தான், அவரும் எதிரிலேயே குந்திப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பார்.

கதைகளில் பெரிய கதை, சிவகங்கையில் மதுரைக்காரர்களோடு ஆடிய கடைசிச் சுற்று. ஒரு கோல் முன்னால் இருக்கையில், ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் வந்த பந்தை அத்தா பாய்ந்து நெஞ்சோடு அணைத்து, அதன்மேலேயே குப்புறக் கவிழ்ந்து, செத்தவர் மாதிரி அசையாமல் கிடந்தாராம். ரெஃப்ரி பதறி ஓடிவர, நம்மூர்க் கூட்டம் அது நேரம் கடத்துகிற நடிப்பு என்று புரிந்து சத்தமாக எண்ண ஆரம்பித்ததாம். "ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுறோம். பாய் அசையணுமே! எட்டு, ஒம்பது… பத்துன்னதும் துள்ளி எந்திரிச்சு விட்டாரு பாருங்க ஒரு உதை!" என்று சொல்லி ஆசாரி பெஞ்சில் ஓங்கி அடிப்பார். அதற்கப்புறம் எந்த ஆட்டத்திலும் அத்தா கவிழ்ந்து கிடப்பதும் கூட்டம் பத்து எண்ணுவதும் வழக்கமாகிவிட்டது. ஆசாரி எண்ணும்போது நானும் உதட்டுக்குள் எண்ணுவேன்.

அம்மாவுக்கு இந்தப் பேச்சே ஆகாது. "உசுரோட முன்னாடி இருக்க மனுசனைப் போயி, இருந்தாரு, கெடந்தாருன்னு பேசுறாகளே" என்று முணுமுணுப்பாள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு வருஷத்துக்கு முன் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த அத்தா, பம்பைப் பிடித்தபடியே நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மதுரை டாக்டர், இருதயம் பழுதாகியிருக்கிறது, ஓடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, பம்பு அடிக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து எங்கள் கடையில், "காற்று அவரவரே அடித்துக்கொள்ளவும்" என்று ஒரு அட்டை தொங்கியது. அத்தாவின் பழைய பூட்ஸை அம்மா துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டாள். அதோடு விடவில்லை. "அத்தா அந்தப் பூட்ஸைத் தொட்டா ஓடியாந்து எங்கிட்டச் சொல்லணும். என்ன?" என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள். நானும் பெரிய மனுஷியாகத் தலையாட்டினேன்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் சந்தைக்குப் பின்னாலிருந்த பொட்டலில் "பழசு புதுசு" ஆட்டம் நடக்கும். பழைய ஆட்டக்காரர்கள் ஒரு பக்கம், இளவட்டங்கள் ஒரு பக்கம், அரை மணி நேர விளையாட்டு. அந்த வருஷம் பழசுகளுக்குக் கோலி நிற்கிறவர் கப்பலேறிப் போய்விட்டார். பொங்கலுக்கு முந்தின வாரம் ஆசாரி பெஞ்சில் உட்கார்ந்து மெதுவாக ஆரம்பித்தார்.

"சும்மா நின்னாப் போதும் பாய். நம்ம ஆளுக பந்தை அங்குட்டு வரவே விடமாட்டாக."

"டாக்டரு வேணாம்னுட்டாரே ஆசாரி."

"ஓடுறதுக்குத்தான வேணாம்னாரு? கோலி என்ன ஓடவா போறாரு? நீங்க நிக்கிறீகன்னா ஊரே வரும்" என்றார் சந்தனம்.

அத்தா தொட்டிப் பக்கம் குனிந்துகொண்டார். அந்த ஆட்டத்துக்கான பந்தின் பிளாடர் தொட்டிக்குள் அவர் கையில் இருந்தது. எங்கே ஓட்டை என்று தெரியாமல் குமிழி ஒவ்வொன்றாக மேலே வந்துகொண்டே இருந்தது. மூன்று நாள் தேடியும் அவருக்கு அது அகப்படவில்லை, அதற்குமுன் அப்படி நடந்ததே இல்லை. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆட்டத்தன்று மத்தியானம் அம்மா கிணற்றடியில் இருந்தாள். அத்தா முக்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து துணிச் சுருளை எடுத்தார். திரும்பினால் வாசற்படியில் நான். அவர் முகம் திருடன் முகமாக இருந்தது, என் முகம் எப்படி இருந்ததோ.

"ஜமீலா, நீ பாத்ததே இல்லேல்ல?"

"இல்லத்தா."

"அப்ப வா."

கிணற்றடி பத்தடி தூரத்தில் இருந்தது, வாளிச் சத்தம் கேட்டது. ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். நான் கொடுக்கவில்லை. அம்மாவுக்குச் செய்த சத்தியம் மறந்துபோகவில்லை. நன்றாக நினைவிருந்தது, ஆனாலும் கொடுக்கவில்லை. பெஞ்சில் கேட்டுக் கேட்டு ஏங்கிய அந்தப் பத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. சைக்கிளின் முன் கம்பியில் என்னை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே போனார். அவர் மூச்சு என் காதருகில் இரைந்தது.

பொட்டலில் புழுதியும் வெயிலுமாக ஊர் திரண்டிருந்தது. அத்தாவைக் கண்டதும் எழுந்த கூச்சலில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆசாரி என்னைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார். முதலில் வந்த இரண்டு பந்தையும் அத்தா நின்ற இடத்திலேயே பிடித்தார். பிறகு குனிந்து முழங்காலில் கையூன்றி நின்றார். கருத்த அவர் முகம் சாம்பல் பூத்திருந்ததை நான் பார்த்தேன், புழுதி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது இளவட்டம் ஒருவன் வெகு பக்கத்திலிருந்து ஓங்கி உதைத்தான். அத்தா பாய்ந்தார். பந்து நெஞ்சில் வந்து விழுந்தது, அப்படியே அதன்மேல் குப்புறக் கவிழ்ந்தார். அசையவில்லை.

"ஒண்ணு!" என்று என் கால்களைப் பிடித்தபடி ஆசாரி கத்தினார். "ரெண்டு!" என்றது ஊர். ரெஃப்ரி சிரித்துக்கொண்டே இடுப்பில் கை வைத்து நின்றார், அவருக்கும் கதை தெரியும். எட்டு, ஒன்பது. பத்து என்ற சத்தத்தில் சந்தையிலிருந்த காக்கையெல்லாம் கிளம்பியது. அத்தா எழுந்திருக்கவில்லை. பாய் இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே விளையாட்டுக் காட்டுகிறார் என்று யாரோ சிரிக்க, பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கை போனது. பதினைந்தில் சிரிப்பு நின்றது. பதினேழில் ஆசாரி என்னைத் தரையில் போட்டுவிட்டு ஓடினார். அவர்கள் அத்தாவைப் புரட்டியபோது பந்து கைக்குள்ளேயே இருந்தது, காற்றில்லாமல் சப்பிப் போய்.

உடனே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்கிற இத்தா நாட்களில், வெள்ளைப் புடவையோடு இருட்டறைக்குள் உட்கார்ந்திருந்த அம்மா, என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு தடவை கேட்டாள்: "அத்தா பூட்ஸை எடுத்ததை நீ பாக்கலையா?" பார்க்கவில்லை, பொட்டலுக்குப் போன பிறகுதான் தெரியும் என்றேன். அவள் நம்பினாள். கண்ணை மூடுகிறவரை அவள் குற்றம் சொன்னது ஆசாரியைத்தான். அவர் கடைசிவரை எங்கள் தெருப் பக்கம் வரவில்லை.

சைக்கிள் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை, பொட்டலில் கல்யாண மண்டபம். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அங்கே போயிருந்தேன். சாப்பாட்டுப் பந்தியில் எதிரே இருந்த கிழவர் ஒருவர் பக்கத்து இளைஞனுக்குப் பினாங்கு டீமின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. சிவகங்கை, மதுரைக்காரர்கள், ஒண்ணு, ரெண்டு, மூணு. பத்தில் மேஜையைத் தட்டிக் கதையை முடித்தார். எல்லோரும் அதோடு முடித்துவிடுகிறார்கள்.

எனக்குத்தான் அது பத்தில் முடிவதில்லை. அன்று ஆசாரி என்னைப் போட்டுவிட்டு ஓடியதும் பொட்டலே வாயடைத்துப்போனது. அத்தனை பேர் நடுவில் ஒரே ஒரு குரல் மட்டும், அத்தா எழுந்துவிடுவார் என்று நம்பி, இருபத்திரண்டு வரை எண்ணிக்கொண்டிருந்தது. அது என்னுடையது.