வேலாயிக்கு ஊர் ஊராகக் கொடுத்த தையல் மெஷின்

சைக்கிள் பயணத்துக்கான மஞ்சள் பனியன்களை வேலாயிதான் துவைத்தாள். புறப்படுவதற்கு முன்பே எல்லோரும் போட்டுப் பார்த்து, போட்டோ எடுத்து, வியர்வையாக்கிக் கழற்றிப் போட்டிருந்தார்கள். சாயம் போய் வாளித் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. நெஞ்சில் ‘சுனாமி நிவாரண சைக்கிள் யாத்திரை’ என்று இந்தியில் எழுதியிருந்தது. அண்ணன் ஈஸ்வரனுடைய பனியன் மட்டும் மற்றதைவிட ஒன்றரை மடங்கு பெரிது. அதில் கூடுதலாக ‘கேப்டன்’ என்றும் இருந்தது.

“எழுத்து இருக்கற பக்கம் தேய்க்காத வேலாயி,” என்று அடுப்படியிலிருந்து மதினி உமா மகேஸ்வரி குரல் கொடுத்தாள். “போட்டோல அதுதான் விழணும். அழுக்கு முதுகுல இருந்தா இருக்கட்டும்.”

வேலாயி இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். சிறுமியாகக் கப்பலேறி வந்து, போர்ட் பிளேருக்குத் தெற்கே கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டாள். புருஷன் மஞ்சள் காமாலையில் போன பிறகு, ஒரு கை மெஷினை வைத்துக்கொண்டு தோட்டத்து லயத்து வீடுகளுக்கெல்லாம் ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்துத் தன் சோற்றைத் தானே தின்றாள். சுனாமியில் கடல் ஏறி வந்து லயத்தையும் மெஷினையும் கொண்டுபோயிற்று. அண்ணன் போர்ட் பிளேரில் அரசாங்க குமாஸ்தா. அவர் வீட்டில் வந்து இறங்கினாள். இரண்டு வருஷமாகச் சமையலும் துணியும் பாத்திரமும் அவள் பாடு. அவளை அந்த வீட்டில் யாரும் வேலைக்காரி என்று சொன்னதில்லை. வேலைக்காரி என்றால் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்பாள்.

கச்சாலில் அடுத்த லயத்தில் இருந்த சொர்ணம்மா இப்போது பாம்பூஃப்ளாட்டில், ஜெட்டிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்திருந்தாள். பார்க்கும்போதெல்லாம், “ஒரு மெஷின் மட்டும் தேத்திக்கிட்டு வந்துரு வேலாயி. இங்க தைக்க ஆளே இல்ல. பாதி எடம் ஒனக்கு,” என்பாள். வேலாயிக்கும் அதற்கு மேல் ஆசை கிடையாது. ஒரு மெஷின்.

பயணம் வடக்கே டிக்லிபூர் வரைக்கும். சுனாமி பெரிதாக அடித்தது தெற்கே. ஆனால் சாலை போவது வடக்கே. தெற்குத் தீவுகளுக்குக் கப்பலில்தான் போக வேண்டும். கப்பலில் போனால் சைக்கிள் மிதிக்க முடியாது. வடக்கே நிவாரணம் வாங்க ஆள் கிடைக்குமா என்று பொருளாளர் விஜயன் யாத்திரைக் கமிட்டியில் சந்தேகம் எழுப்பினார்.

“அதான் நம்ம வீட்டுலயே ஒண்ணு இருக்கே,” என்றார் ஈஸ்வரன்.

அப்படித்தான் வேலாயி லாரியில் ஏறினாள். அவளோடு அரிசி, பாத்திரம், பேனர், மரப்பெட்டியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு கை மெஷின்.

“மெஷின் ஒனக்குத்தான்,” என்று அண்ணன் சொல்லியிருந்தார். ஃபெரார்கஞ்ச் பள்ளிக்கூடத்து மேடையில் அவளை நிறுத்தி அதைக் கொடுத்தார்கள். கைதட்டினார்கள். கீழே இறங்கியதும் விஜயன் வாங்கி லாரியில் வைத்தார்.

“என்கிட்டயே இருக்கட்டுமே தம்பி.”

“அக்கா, பிளாஸ்டிக்க மட்டும் பிரிச்சுராதீங்க. பிரிக்காம குடுத்தாத்தான் கடைக்காரன் திருப்பி எடுத்துக்குவான். பேச்சு அப்பிடி.”

வேலாயி அவரைப் பார்த்தாள். பிறகு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் சைக்கிள்கள் எல்லாம் லாரியில் ஏறின. அதற்கப்பால் காடு, வண்டிகள் வரிசையாகக் கான்வாயில்தான் போக வேண்டும். யாத்திரை வீரர்கள் சைக்கிள்களின் மேல் சாய்ந்து குறட்டை விட்டார்கள். நடுவில் உப்பங்கழி தாண்டப் படகு வந்தபோது மட்டும் இறங்கி, தலைக்கவசம் மாட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு படகில் ஏறினார்கள். போட்டோ எடுத்தார்கள். மிதித்த இடங்களில், குடியேறிய வங்காளிகளும் தெலுங்கர்களும் வழிமறித்துப் பூசணிக்காயும் வாழைத்தாரும் கொடுத்தார்கள். நிவாரணம் கொடுக்கப் போன லாரி நிவாரணம் வாங்கி நிறைந்தது.

ரங்கத் மேடையில் ஈஸ்வரன் மைக்கைப் பிடித்தார். “இந்தச் சகோதரியின் கணவரை, அந்த ராட்சத அலை…”

“மஞ்சக்காமாலைண்ணே,” என்றாள் வேலாயி, மெதுவாக.

“மைக் ஆன்ல இருக்கு.”

மெஷினைக் கொடுத்தார்கள். திரும்ப வாங்கினார்கள். மாயாபந்தர் மேடையில் அவள் தென்னை மரத்தைக் கட்டிப்பிடித்து உயிர் தப்பினாள். அங்கேயும் கொடுத்து வாங்கினார்கள்.

டிக்லிபூர் புறப்பட இருந்த காலையில், தங்கியிருந்த கூடத்தின் வாசலில் ஈஸ்வரன் சைக்கிளில் ஏறக் காலைத் தூக்கிப் போட்டார். அரைக்கால் டிரவுசர் பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. மாற்று டிரவுசர் இல்லை. மற்றவர்களுடையது அவர் தொடையிலேயே நின்றுவிட்டது. மாயாபந்தர் கடைகளில் அவர் இடுப்புக்கு எதுவும் இல்லை. டிக்லிபூரில் பெரிய அதிகாரி மாலையோடு காத்திருந்தார்.

ஈஸ்வரன் லுங்கியைச் சுற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். “வேலாயி, ஊசி நூல் வெச்சிருக்கியா?”

“இருக்குண்ணே. ஆனா கைத்தையல் நிக்காது. மேடைக்கு முன்னால எறங்குறப்ப மறுபடி பிரிஞ்சுக்கும். அங்க பொம்பளைங்கள்லாம் நிப்பாங்க.”

“பின்ன என்னதான் பண்றது?”

“மெஷின் இருக்கு. பிரிக்கட்டுமாண்ணே?”

“அரே, கடைக்காரன் எடுத்துக்கமாட்டான் சார்,” என்று விஜயன் பதறினார்.

“யோவ், நீ லுங்கியில மாலை வாங்குவியா?” ஈஸ்வரன் கூரையைப் பார்த்தார். “பிரி.”

வேலாயி உறையைக் கத்தியால் கிழிக்கவில்லை. முனையைப் பிடித்து நிதானமாக உரித்தாள். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, டிரவுசரில் இரட்டைத் தையலாக ஓட்டினாள். முடிந்ததும், “வேற யாருக்காச்சும் இருக்கா?” என்று கேட்டாள். எல்லோருக்கும் இருந்தது. நான்கு நாள் சீட்டில் தேய்ந்த டிரவுசர்கள் வரிசையாக வந்தன. விஜயன் கடைசியாக வந்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தன்னுடையதை நீட்டினார்.

டிக்லிபூரில் ஒரு தையலும் விடவில்லை. அந்த மேடையில் வேலாயி மூன்று குழந்தைகளை அலையிலிருந்து மீட்டிருந்தாள். அதிகாரி அவளை வணங்கி, மெஷினைக் கொடுத்தார்.

போர்ட் பிளேர் திரும்பியதும் அபர்தீன் பஜார் கடைக்காரர் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மெஷின் பல்லிடுக்கில் இருந்த காக்கி நூலை நகத்தால் எடுத்துக் காட்டினார். “யே தோ சல்கயா பாய்,” என்றார். ஓடிவிட்ட மெஷினாம், அவர் எடுக்கவில்லை. அது ஈஸ்வரன் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தது.

“போகட்டும் விடுங்க,” என்றாள் உமா. “அடுப்படிக்குப் பக்கத்துல போட்டுக்கட்டும். வேலை ஒழிஞ்ச நேரத்துல தைக்கட்டும். என் ஜாக்கெட்டே எத்தன கெடக்கு.”

வேலாயி மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் துணிப்பை கட்டித் தயாராக இருந்தது. “இல்ல மதினி. நான் சொர்ணம்மாகிட்ட போறேன். எடம் வெச்சிருக்கா.”

“எங்க, பாம்பூஃப்ளாட்டுக்கா? இங்க ஒனக்கு என்ன கொறை வெச்சோம்? சொல்லு, என்ன கொறை?”

“கொறையெல்லாம் ஒண்ணுமில்ல மதினி.”

ஈஸ்வரன் தொண்டையைச் செருமினார். “மெஷின் கமிட்டிதும்மா. அப்பிடியெல்லாம் தூக்கிட்டுப் போக முடியாது.”

“ஊர் ஊரா எனக்குத்தானேண்ணே குடுத்தீங்க? மைக்குல சொல்லி. அந்த ஐயா என் கையப் புடிச்சுக் குடுத்தாரே, போட்டோகூட இருக்கே.”

ஈஸ்வரன் திரும்பிப் பார்த்தார். சுவரில் அந்தப் போட்டோ சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அவர் டிரவுசர் அதில் நன்றாக விழுந்திருந்தது.

“சரி, எடுத்துக்க,” என்றார். குரல் இறங்கியது. “ஆனா அடுத்த வருஷ யாத்திரைக்கு வந்துருவேல்ல வேலாயி? தேதிகூடக் குறிச்சாச்சு. நீ வரலேன்னா, ஆளுக்கு நான் எங்க போவேன்?”

வேலாயி மெஷினின் மரப்பெட்டியை மூடி, கொக்கியைப் போட்டாள். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பெட்டியைத் தூக்கி இடுப்பில் இடுக்கியபடி அறையை விட்டு வெளியே போனாள்.