தூள் வறுத்த நாள்

நியூசிலாந்தில், எங்கள் லின்ஃபீல்டில் இருந்து புறப்படும்போது, பெட்டிக்குள் வைத்த கறித்தூள் போத்தலை நானேதான் திரும்ப வெளியே எடுத்து வைத்தேன். ஒக்லண்ட் விமான நிலையத்தில் சாப்பாட்டுச் சாமான்களை மணந்து திரியும் நாய்களை எனக்கு நல்லாகத் தெரியும். ஜெர்மனியிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் மகள், ஸ்டேஷனில் என்னைக் கட்டிப்பிடித்த கையோடு கேட்டாள்.

"அம்மா, தூள் எங்க?"

"கொண்டுவரேல்லைப் பிள்ளை. நாய் பிடிச்சால் என்ன செய்யிறது?"

"ஐயோ அம்மா, அது ஒக்லண்ட் நாய்! இங்க தூளை ஆர் பாக்கப் போகினம்?"

பக்கத்தில் நின்ற உயரமான ஜெர்மன்காரப் பெடியனும் விளங்காமலே சிரித்தான். அவனைப் பார்க்கத்தான் நான் வந்தேன். அவனைக் கலியாணம் செய்ய விருப்பம் என்று மகள் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் கதையே குறைந்துபோயிருந்தது. என் கணவருக்கு அவ்வளவு தூரம் பறக்க டொக்டர் விடவில்லை. "நீர் போய்ப் பாத்திட்டு வாரும். நீர் ஓமெண்டால் ஓம்" என்று பாரத்தை என் தலையில் வைத்துவிட்டார். வீட்டுத் திரைச்சீலைக்குக்கூட நிறம் சொல்லாதவள் நான்.

ஒக்லண்டில் மரங்கள் துளிர்க்கும்போது புறப்பட்டு, இலைகள் மஞ்சளாகும் இடத்தில் வந்து இறங்கியிருந்தேன். ஆற்றங்கரை மதிலில் படிக்கிற பிள்ளைகள் காலைத் தொங்கப்போட்டு வெயில் காய்ந்தார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அவர்களைக் கடந்து போகவே கூச்சம். பெடியன் என் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு வந்தான். நல்லதுதான். ஆனால், வந்த விருந்தாளிக்கு ஆர்தான் நல்ல முகம் காட்டமாட்டார்கள்?

வெறுங்கையோடு வந்தது வேறு என்னை அரித்தது. அடுத்த நாள் ஆசியச் சாமான் கடையில் செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம் எல்லாம் வாங்குவித்தேன்.

மகள் இருந்த மேல்மாடி வீட்டில் சின்னக் குசினி. மல்லி நல்ல பிள்ளையாக வறுபட்டது. மிளகாயைப் போட்டதும் புகை எழும்பியது. மகள் இருமிக்கொண்டே வெளியே ஓடினாள். "அம்மா, பக்கத்து வீட்டுக்காரர் வரப்போகினம்!"

பெடியன் யன்னலைத் திறந்தான். அவனும் ஓடப்போகிறான் என்று நினைத்தேன். அவனோ ஒரு துவாயை நனைத்து என் கையில் தந்தான். இன்னொன்றைத் தன் மூக்கில் கட்டிக்கொண்டு, அகப்பையை வாங்கிக் கிளறத் தொடங்கினான். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. நான் கையால் காட்டக் காட்ட, கருகவிடாமல் கிளறினான். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. இருமல்தான் இருந்தது.

அரைக்க மிக்ஸி இல்லை. தன் கோப்பிக்கொட்டை அரைக்கும் மெஷினை எடுத்து வைத்தான். அடுத்த நாள் காலையில் அவன் கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுத் திகைத்தான். என்னைப் பார்த்தான். பிறகு மிச்சத்தையும் குடித்து முடித்தான். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அன்றைக்கே கணவருக்கு போன் எடுத்தேன். மகள் சிரிப்பை நிறுத்திவிட்டு, கோப்பையைக் கழுவுவதுபோல் சிங்குக்கு முன்னால் நின்றாள். தண்ணீர்க் குழாயைத் திறக்கவில்லை.

"என்ன மாதிரி ஆள்?" என்று கேட்டார்.

எனக்குப் பெரிதாகச் சொல்லத் தெரியவில்லை. "மிளகாய் வறுக்கேக்கை ஓடேல்லை."

அந்தப் பக்கம் அவர் சிரித்தார்.

"நான் முப்பது வருசமா ஓடுறனான் எல்லோ" என்றார். "பிறகென்ன, ஓமெண்டு சொல்லும்."

மகள் குழாயைத் திறந்தாள். தண்ணீர் சத்தத்துக்குள் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் பெடியனைப் பார்த்து, "தம்பி, இருங்கோ, சாப்பிடுவம்" என்றேன். அவன் உடனே மேசைக்கு வந்து இருந்தான்.