லஸ்கர் அண்ணாச்சிக்காக இலஞ்சியில் வைத்த வேண்டுதல்

தென்காசியை விட்டுச் செங்கோட்டை ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. சாரல் முகத்தில் அடித்தது. பஸ்கள் கடந்து போயின. நான் கை காட்டவில்லை. மனம் கலங்கினால் எனக்கு நடக்கத்தான் தெரியும். செங்கோட்டையில் ரயிலேறிப் புனலூர்ப் பக்கம் போனால் ரப்பர் தோட்டத்தில் ஏதாவது வேலை கிடைக்கும். இனி இந்தத் திசையில் தலைவைத்தும் படுக்கக் கூடாது. அன்றைக்கு என் திட்டம் அவ்வளவுதான்.

அன்பர்களே, நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். திருப்பூர், கொல்லம், மங்களூர் என்று கால் போன இடமெல்லாம் வேலை பார்த்தவன். ஓர் ஊரில் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. எழுதிப் பழக்கமும் இல்லை. போன ஆடியில் இலஞ்சி முருகன் கோயில் குமாரர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் குற்றாலத்துக்குக் கீழே ஒரு வாய்க்காலுக்குப் பக்கச்சுவர் கட்டினார்கள். அரசு வேலை. நான் அதில் கான்கிரீட் சுமந்தேன். அஸ்திவாரம் தோண்டவில்லை. பழைய சேற்றின் மேலேயே சுவரை எழுப்பினார்கள். வேலையாட்கள் எல்லாரும் பார்த்ததுதான். அடுத்த சாரல் சீசனில் தண்ணீர் வந்ததும் சுவரில் பாதி விழுந்தது. கரையும் உடைந்தது.

பழி முத்தையா அண்ணாச்சி மேல் விழுந்தது. அவர் அந்த வாய்க்காலின் லஸ்கர். மதகு ஷட்டரைத் திறந்து மூடுவதும் கரையைக் காவல் காப்பதும் அவர் வேலை. வயல்களுக்குத் தண்ணீர் விடும் முறை தப்பி ஷட்டரை முழுதாகத் திறந்துவிட்டார், தண்ணீர் வேகத்தில் சுவர் போனது என்று எழுதி அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். ஊழல் என்று புகார் எழுந்த பிறகு சுவர் வேலையைக் கவனித்த பொறியாளர்கள் இருவர் மேலும் துறை விசாரணை வந்தது. மூவருக்கும் ஒரே விசாரணை. அது நகரவே இல்லை.

சுவர் கட்டிய நாட்களில் ஷட்டர் அறையில் எனக்குப் படுக்க இடம் கொடுத்தவர் அண்ணாச்சி. மற்ற வேலையாட்கள் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். பார்த்ததைச் சொல்ல நான் ஒருவன்தான் மிஞ்சினேன். விசாரணைக்குக் கூப்பிடும்போதெல்லாம், எந்த ஊரில் இருந்தாலும் வேலையைப் போட்டுவிட்டு வந்தேன். வந்த ஒவ்வொரு முறையும் தள்ளிவைத்தார்கள்.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். வெளியூர் அதிகாரிகள் தென்காசிக்குத் தேதி குறித்தால் அது சீசனாகத்தான் இருக்கும். விசாரணை நடத்தியதாகவும் ஆகும், அருவியில் குளித்ததாகவும் ஆகும். பையில் துண்டும் எண்ணெய்க் குப்பியும் இல்லாமல் வந்த அதிகாரியை நான் பார்த்ததில்லை. சீசனில் வாய்க்கால் நிரம்பி ஓடும். மிச்சம் நிற்கும் சுவர் தண்ணீருக்குள் இருக்கும். இடத்தைப் பார்க்காமல் விசாரிக்க முடியாது என்று தள்ளிவைப்பார்கள். பங்குனி வெயிலில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். அப்போது ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. இதில் சூது இருந்ததா என்று எனக்குத் தெரியாது. குளிக்கும் ஆசை எல்லாருக்கும் உண்டு.

அன்று காலையிலும் அதுதான் நடந்தது. புதிதாக வந்த விசாரணை அதிகாரி பயணியர் மாளிகையில் இருந்தார். பொறியாளர்களில் ஒருவர் மெல்லச் சொன்னார். "சீசன் நேரம் சார். தண்ணி முழுசாப் போகுது. சுவரே தெரியாது."

அதிகாரி தலையாட்டினார். தேதி பிறகு சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள்.

அண்ணாச்சிக்குப் புரட்டாசியோடு வேலைக் காலம் முடிகிறது. அதற்குள் விசாரணை முடியாவிட்டால் ஓய்வு கொடுக்க மாட்டார்கள். வேலையிலும் சேர்க்க மாட்டார்கள். கரையை உடைத்தவன் என்ற பேரோடு நடுவில் நிற்க வேண்டியதுதான். அந்தப் பேர் வந்ததிலிருந்து அவர் வாய்க்கால் பக்கமே நடப்பதில்லை. கடைக்குக்கூட ஊரைச் சுற்றித்தான் போவார். மாளிகைக்கு வெளியே வந்ததும் என் தோளைத் தட்டினார்.

"நீ போலே மாடசாமி. எனக்காவ அலைஞ்சது போதும். உன் பொழப்பைப் பாரு."

அதனால்தான் நடந்தேன். இலஞ்சி வந்ததும் கால் தானாகக் கோயிலுக்குத் திரும்பியது. சந்நிதியில் கூட்டம் இல்லை. எனக்கு அழுகை வந்தது. வாய்விட்டே கேட்டேன். "முருகா, இந்தச் சாரலை நிறுத்து. வாய்க்கால் வத்தட்டும். அந்தச் சுவர் அவங்க கண்ணுல படட்டும்."

பக்கத்தில் நின்ற ஒரு பெண் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, நீ எந்த ஊர்க்காரன்? நாத்து நட்டு இன்னும் வேர் பிடிக்கல. எங்க சாமிட்டயே வந்து சாரலை நிறுத்துன்னு கேக்கியே. நல்ல வேளை, நான் நின்னேன். எங்க ஊர் ஏட்டையா நின்னிருந்தா உன்னைத் தூக்கி வெளிய போட்டிருப்பாரு."

அவர் பேச்சியம்மாள் அக்கா. அந்த வாய்க்கால் தண்ணீரில் நெல் போடுகிறவர். எனக்கு வெட்கமாகிவிட்டது. நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் விபூதியைப் பூசிக்கொண்டே கேட்டார். முடித்ததும் சொன்னார்.

"இதுக்கு எதுக்குச் சாரல் நிக்கணும்? தண்ணி முறைக்காரங்க எல்லாரும் சரின்னா ஷட்டரை இறக்கி, தண்ணிய ஒரு காலை ஆத்தோட விடலாம். வெள்ளம் வந்தா அப்படிச் செய்யுறதுதான். ஒரு ஆளு மாட்டேன்னாலும் முடியாது. இத்தனை வருசமா முத்தையா ஏன் எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

அண்ணாச்சி கேட்க மாட்டார். யாருக்கும் முறை தப்பித் தண்ணீர் விடாதவர், தனக்காக ஒருவர் முறையை எப்படிக் கேட்பார்?

"அதிகாரி இந்நேரம் ஊருக்குப் போயிருப்பாரு, அக்கா" என்றேன்.

"எங்க போவாரு? அருவில வெள்ளம். காலைலேருந்து ஒருத்தரையும் குளிக்க விடல. குற்றாலம் வந்துட்டுக் குளிக்காமப் போற ஆபீசரை நீ பாத்திருக்கியா?"

மாளிகைக் காவல்காரருக்குப் போன் செய்தேன். உண்மைதான். நாளை தடை எடுப்பார்கள் என்று அதிகாரி தங்கிவிட்டாராம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் நிறுத்தச் சொன்ன மழைதான் அவரைப் பிடித்து வைத்திருந்தது. குமாரர் என் வேண்டுதலைக் கேட்டபடியே கொடுத்திருந்தால் அதிகாரி குளித்துவிட்டு அன்று மாலையே போயிருப்பார்.

சாயங்காலம் கோயில் பக்கத்து டீக்கடைக்கு முறைக்காரர்கள் வந்தார்கள். பேச்சியம்மாள் அக்கா பேசினார். எல்லாரும் சம்மதித்தார்கள். ஏட்டையா மட்டும் மாட்டேன் என்றார். அவர் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மறுநாள் காலை அவருடைய முறை.

"என் முறைல கை வைக்கவா கூப்பிட்டிய? அதுவும் அந்த முத்தையாவுக்கா? பயிர் வாடுதுன்னு நானே போய்க் கேட்டேன், செத்த முன்ன தொறந்து விடும்வேன்னு. 'உம்ம முறை வரட்டும் அண்ணாச்சி'ன்னுட்டுப் பீடியைப் பத்த வச்சான். போலீஸ்ல இருந்தவன்ட்ட பேசுத பேச்சா அது?"

"சரி அண்ணாச்சி" என்றார் அக்கா. "உங்களுக்கே முறை தப்பித் தொறக்காதவன், வேற யாருக்குத் தொறந்து கரையை உடைச்சான்?"

ஏட்டையா டீயைக் குடித்து முடித்தார். நான் மனத்துக்குள் முருகா, முருகா என்றுகொண்டே இருந்தேன். கடைசியில் தம்ளரை வைத்தார்.

"தண்ணியத் திருப்புங்க. அந்தப் பீடிக் கதைய நானே வந்து ஆபீசர்ட்ட சொல்லுதேன்."

விடிந்ததும் ஷட்டரை இறக்கினார்கள். தண்ணீர் ஆற்றோடு போயிற்று. சாரலும் விடவில்லை. நான் மாளிகை வாசலில் நின்றேன். அதிகாரி பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தார். அருவியில் அன்றும் தடை.

"ஐயா, வாய்க்கால்ல தண்ணி இல்ல. வந்து பாருங்க" என்று கும்பிட்டேன்.

முதலில் முகம் சுளித்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். போவதற்கு வேறு இடமும் இல்லை. பொறியாளர்களுக்கு ஆள் அனுப்பிவிட்டுப் புறப்பட்டார்.

கரையில் ஒரு பொறியாளர் சொன்னார். "வழுக்கும் சார். மேலேருந்தே பாத்துக்கிடலாம்."

"எறங்குங்க சார், நான் பிடிச்சுக்கிடுதேன்" என்றார் ஏட்டையா. "வாழ்நாள் பூரா ஆளைப் பிடிச்ச கை."

அதிகாரி கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினார். மிச்சச் சுவரின் அடியைக் காட்டினேன். குனிந்து கையை விட்டார். முழங்கை வரை உள்ளே போனது. கையை வெளியே எடுத்து ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார். பொறியாளர்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு குடையைப் பிடிக்கச் சொல்லி, அங்கேயே என் வாக்குமூலத்தை எழுதவைத்தார். அதன் பிறகு ஏட்டையாவுடையதை எழுதினார்கள்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புரட்டாசி முடிவதற்குள் அண்ணாச்சி மேல் இருந்த குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். முறையாக ஓய்வு பெற்றார். இப்போது தினமும் வாய்க்கால் கரை வழியாகத்தான் கடைக்குப் போகிறார். பொறியாளர்கள் மேல் விசாரணை இன்னும் நடக்கிறது. முடிவை நான் சொல்ல முடியாது. தேதிகள் இப்போது வெயில் காலத்திலும் விழுகின்றன.

அன்று மத்தியானம் அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினேன். எல்லாவற்றையும் கேட்டவர், "எவம்லே தன் முறையை விட்டது?" என்றார்.

ஏட்டையா என்றேன். பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. துண்டை எடுத்ததும் முதலில் கேட்டது இதுதான்.

"அவர் வயலு காயுமே. அவரு விட்ட முறைய யாரு பாத்துக் கொடுக்கா? பேச்சியம்மாட்ட நான் சொன்னேன்னு சொல்லு. அவ முறைல பாதிய அவருக்கு விடட்டும். நின்னு பாய்ச்ச ஒரு ஆளு வேணும்."

அன்பர்களே, இதைப் படிக்கிறவர்களில் ஏதோ ஓர் ஆபீஸ் வாசலில் வருடக்கணக்காக நிற்கிறவர் இருக்கலாம். நான் பெரிய பக்தன் இல்லை. தவறான வரத்தைத்தான் கேட்டேன். அதைக் கொடுக்காமல், எனக்கு வேண்டியதைக் கொடுத்தார் குமாரர். உங்கள் சங்கடத்தையும் அவரிடம் சொல்லுங்கள். எப்படிச் செய்ய வேண்டும் என்பதை மட்டும் அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள். பக்கத்தில் நிற்கிறவர் காதில் விழும்படி சொன்னாலும் தப்பில்லை.

புனலூருக்கு நான் போகவில்லை. மறுநாள் காலை பேச்சியம்மாள் அக்காவிடம் ஒரு மண்வெட்டி வாங்கிக்கொண்டு ஏட்டையா வயலுக்குப் போனேன். வரப்பில் குடையோடு நின்றார். "வாய் பேசுத மாதிரி வேலையும் பாப்பியாலே?" என்றார். மடையை வெட்டினேன். தண்ணீர் நாற்றுக்குள் நுழைந்தது. அந்த வாய்க்கால் வயல்களுக்கு முறைப்படி தண்ணீர் பாய்ச்சுவதுதான் அன்றிலிருந்து என் வேலை.