கொப்பி என் தோளில், அக்கா வாங்கில்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஊர் ஊராக வேலை செய்து திரிந்தவன் நான். கொழும்பில் மூட்டை இறக்கிய காலத்தில் சிங்களம் பழகினேன். அதனால் மன்னாரிலிருந்து கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்குச் சும்மா துணைக்குப் போவேன்.

அப்படித்தான் உயிலங்குளம் பொன்னம்மாக்காவைக் கூட்டிப்போனேன். கண்ணில் அழுத்தம் கூடி அவருக்கு இடது கண் மங்கிக்கொண்டு வந்தது. அன்று ஒப்பரேஷனுக்கு நாள் குறிப்பதாக இருந்தது. பஸ்ஸால் இறங்கியதிலிருந்து அவருடைய பையை நான்தான் சுமந்தேன். நோய் விபரம் எழுதிய கிளினிக் கொப்பியும் அதற்குள் இருந்தது.

வரிசை நீளம். சுவரோர வாங்குப் பலகையில் அவரை இருத்திவிட்டு, "அக்கா, கூப்பிட மத்தியானமாகும். காலிமுகத்திடலைப் பாத்திட்டு வாறன்" என்றேன்.

"மன்னாரில இல்லாத கடலோ தம்பி? சரி, கெதியா வா."

இறால் வடை தின்றபடி கப்பல்களைப் பார்த்து நின்றுவிட்டேன். திரும்பி வந்தபோது வாங்கில் அக்கா மட்டும் இருந்தார். பை என் தோளிலேயே தொங்கியது.

"என்ரை பேரைக் கூப்பிட்டவை. கொப்பி கேட்டவை. தம்பியிட்ட இருக்கெண்டு சொன்னன். அவைக்குத் தமிழ் விளங்கேல்லை."

டொக்டர் போய்விட்டார். அடுத்த முறை நாலு மாதம் கழித்துத்தான் கிடைத்தது. அதற்குள் இடது கண் முழுதாக இருண்டுவிட்டது.

அன்று திரும்பும் பஸ்ஸில் அக்கா ஏசவில்லை. "கடல் வடிவோ?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது யாரோடு போனாலும் கொப்பியை அவர்கள் கையிலேயே கொடுக்கிறேன். பெயர் கூப்பிடும்வரை பக்கத்தை விட்டு எழும்புவதில்லை. பொன்னம்மாக்கா வேறு ஆளோடு போகிறார்.