குழாய் வாயில் கொசுவலை

வில்லாபுரத்தில் எங்கள் தெருவில் துணி காயவைக்க மெஷின் வைத்திருக்கும் ஒரே ஆள் நான்தான். மொட்டைமாடியில் உதறிப் போட்டுவிட்டு வந்து காபி குடித்து முடிப்பதற்குள் துணி விறைத்துப்போகும் ஊர் இது. மதுரையில் வெயிலுக்கா பஞ்சம் என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். பால் ஊற்ற வந்தவரும் கேட்டார். எல்லோருக்கும் ஒரே சிரிப்பைச் சிரித்து வைத்தேன். விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

வாங்கியது நானில்லை, என் மகள். குளிர்தேசத்தில் குடும்பம் நடத்துகிறவள். அங்கே ட்ரையர் இல்லாத வீடே கிடையாதாம். என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோனபோது விடுப்பில் வந்து, நான் படுகிற பாட்டைக் கண்ணால் பார்த்தாள். தினமும் நனைகிற விரிப்புகள், நைட்டிகள், அடியில் மடித்துப் போடும் பழைய வேட்டிகள். துவைத்ததை வாளியில் தூக்கிக்கொண்டு நான் மாடிக்கு ஏறினால் கீழே மனைவி தனியாகக் கிடப்பாள். ஏறுவதற்கு என் முழங்காலும் ஒத்துக்கொள்வதில்லை. மகள் விமானம் ஏறுவதற்கு முன் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ட்ரையர் வந்து உட்கார்ந்துவிட்டது. அதன் முதுகிலிருந்து ஓர் அலுமினியக் குழாய். சூடான காற்று வெளியே போவதற்காகச் சுவரில் ஓட்டை போட்டு, அந்தக் குழாயைப் பின்பக்கச் சந்துக்கு விட்டார்கள்.

ட்ரையரின் வாயில் ஒரு சல்லடை உண்டு. துணியிலிருந்து உதிரும் பிசிறு அதில் படியும். ஒவ்வொரு முறையும் அதை உரித்து எடுக்க வேண்டும் என்று மகள் சொல்லிவிட்டுப் போனாள். காலமெல்லாம் பிள்ளைகளை வீட்டுப்பாடம் எழுதச் சொல்லி விரட்டிய கணக்கு வாத்தியார் நான். ஒருநாள் தவறாமல் உரித்தேன். அப்படியிருந்தும் சில மாதங்களில் மெஷின் சோம்பேறியாகிவிட்டது. ஒரு மணி நேரத்தில் காய்ந்த விரிப்பு இரண்டு மணி நேரம் சுற்றியும் சில்லென்று இருந்தது. ஓரளவு காய்ந்தால் போதும் என்று அதையே விரித்தேன். மனைவியின் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, ஓரிடத்தில் புண் வாய் திறந்தது. புண்ணுக்கு மருந்து வைக்க வரும் நர்ஸ் விரிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஈரம் பட்டால் இது ஆறவே ஆறாது என்று சொல்லிவிட்டுப் போனார். கம்பெனிக்கு ஃபோன் செய்தால் ஆள் வரும், வரும் என்றார்கள். வரவில்லை.

எனக்கு அலுத்துவிட்டது. இதை நாசூக்காகச் சொல்ல வழியில்லை. மனைவியின் மேல் அலுப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் விடிந்ததும் எழுந்து அந்த அறைக்குள் நுழையக் கால் வராது. திருமங்கலம் போகிற வழியில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது, நர்ஸ் எல்லாம் அங்கேயே இருக்கிறார்கள், அம்மாவை அங்கே விடலாம் என்று மகள் பல தடவை சொல்லியிருந்தாள். பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தவன், ஒருநாள் மத்தியானம் ஹாலில் ஈரத்துணிக் குவியலுக்கு நடுவே நின்றுகொண்டு, ஃபோனில் அவளிடம் சரி, பேசி வை என்று சொல்லிவிட்டேன். மனைவி உள்ளே தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். மகளும் அடுத்த மாதத்துக்கு இடம் சொல்லிவைத்தாள்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ட்ரையரிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. சட்டையின் மேல் இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்தால் வருமே, அந்த வாடை. மேல்தகட்டைத் தொட்டேன், கை பொறுக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். எழுந்து ஓட முடியாத ஒருத்தி அடுத்த அறையில் படுத்திருக்கிறாள்.

மெஷின் ஆறியதும், மூச்சு வாங்க இழுத்து நகர்த்தி, திருப்புளியால் வளையத்தைத் தளர்த்திக் குழாயைக் கழற்றினேன். உள்ளே கையை விட்டால் மெத்தென்று இருந்தது. பிடித்து இழுக்க இழுக்கச் சாம்பல் நிறத்தில் வந்துகொண்டே இருந்தது. நைட்டியின் நீலம், வேட்டியின் வெள்ளை, விரிப்பின் சிவப்பு எல்லாம் அரைபட்டு ஒரே நிறமாகியிருந்தன. நடுநடுவே மனைவியின் நீளமான நரைமுடிகள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு முறம் நிறைய அள்ளிப் போட்டேன். மிச்சத்தைத் தள்ள ஒட்டடைக் கம்பைச் சுவர் ஓட்டைக்குள் விட்டேன். ஏதோ ஒன்று தடுத்துத் திருப்பித் தள்ளியது.

சந்துக்குப் போய் ஸ்டூல் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. குழாயின் வாயில் கொசுவலை. நெருக்கமான வலை, நாலு பக்கமும் பட்டை ஒட்டி அம்சமாக அடித்திருந்தது. அதன் உட்புறம் பிசிறு கம்பளி போல அப்பியிருந்தது. வேறு யாரும் செய்ததில்லை. அவனியாபுரம் கண்மாய்ப் பக்கமிருந்து வருகிற கொசுவுக்கு, அடித்து விரட்டக்கூடக் கை வராத மனைவி என்ன செய்வாள் என்று, வலை அடிக்கிறவரைக் கூப்பிட்டு ஜன்னல், வெண்டிலேட்டர், பாத்ரூம் ஓட்டை என்று ஒன்று விடாமல் அடைக்கச் சொன்னவன் நான். அவர் இதையும் காட்டி அடிக்கவா என்று கேட்டார். அடிங்கண்ணே என்றேன். எங்கள் ஊரில் ஓட்டை என்று ஒன்று இருந்தால் அதில் வலை அடித்தாக வேண்டும். அது காற்று வெளியே போகிற வழி என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. ஸ்டூல் மேல் நின்றபடி கொஞ்ச நேரம் சிரித்தேன். பிறகு வலையைப் பிய்த்துப் போட்டேன்.

குழாயை மாட்டி ஓட விட்டேன். சந்தில் வெந்நீர் ஆவி போலக் காற்று புசுபுசுவென்று போனது. ஒரு மணி நேரத்தில் விரிப்பு மொறமொறவென்று சூடாக வந்தது. சூடு கொஞ்சம் அடங்கியதும் மனைவியைப் பக்கவாட்டில் புரட்டி, அடியில் செருகி விரித்தேன். அவள் இடது கையால் அதைத் தடவிப் பார்த்தாள். நோய் வந்த பிறகு அவளுக்கு ஒவ்வொரு சொல்லையும் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

"நல்லாக் காஞ்சிருக்கு," என்றாள்.

குழாய் அடைத்திருந்ததைச் சொன்னேன். இனிமேல் காய்ந்துவிடும் என்றேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"அப்ப என்னைய அங்க கொண்டுபோய் விட மாட்டீங்கள்ல?"

அன்றைக்கு மத்தியானம் அவள் தூங்கவில்லை. அவள் மெல்ல மெல்லச் சொல்லி முடித்தாள்.

"துணிதான உங்களுக்குக் கஷ்டம். நானும் இம்புட்டுத் தண்ணிதான் குடிக்கிறேன்."

இடது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சமாகப் பிரித்து அளவு காட்டினாள். சில நாட்களாக டம்ளரில் பாதியை மிச்சம் வைத்துக்கொண்டிருந்தாள். மாத்திரையால் வாய் கசக்கிறது போல என்று நினைத்து, அந்தத் தண்ணீரை நானே செடிக்கு ஊற்றியிருக்கிறேன்.

"விட மாட்டேன். நீ குடி," என்று சொல்லித் தலையைத் தூக்கிப் பிடித்து டம்ளரை வைத்தேன். எங்கும் நிறுத்தாமல் முழுக்கக் குடித்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்த விரிப்பும் நனையும், மறுபடி துவைக்க வேண்டும் என்று அப்போதும் மனசு அலுத்துக்கொண்டது. அலுத்துக்கொள்ளட்டும் என்று டம்ளரை இன்னொரு முறை நிறைத்தேன்.